மிதி, குனி, ஒத்து

மக்கா, டீக்கடையில் நான் வாயைத் திறந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவர்கள் நீங்கள். இதற்கும் அப்படிச் சிரிக்கத் தயாராக உட்கார வேண்டாம். சிரிப்பு வருகிற இடம் ஒன்று இதிலும் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு வீடே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்தான். அதனால்தான் பதினான்கு வருஷமாக இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே வாய்க்கால் கரையில் எங்கள் ஊர். வீட்டை விட்டு எந்தப் பக்கம் நடந்தாலும் வாழைத் தோட்டம்தான். அக்காவுக்கு நர்ஸ் படிக்கவேண்டும். அந்த ஒரு ஆசைதான். பள்ளிக்கூடத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் தொப்பி போட்ட நர்ஸ் படம் வரைந்து வைத்திருந்தாள். அதற்கு நான் மீசை வரைந்தேன். அவள் என் சட்டையில் பேனா மையைக் கொட்டினாள். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போதே நான் என்ன உயரம் என்று உங்களுக்குத் தெரியும். அப்போது இன்னும் குள்ளம். பள்ளிக்கூடத்தில் வரிசை நின்றால் முதல் ஆள். எவனோடு சண்டை வந்தாலும் என் கை அவன் நெஞ்சுக்கு மேலே எட்டாது. கீழே எட்டியது. கீழே என்னென்ன இருக்கிறது என்று அடி வாங்கி வாங்கியே படித்துக்கொண்டேன். பாதத்தின் மேல்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. அங்கே குதிகாலை இறக்கினால் பயில்வானும் வாயைப் பிளப்பான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பு இன்னொன்று. கணுக்கால் மொளி மூன்றாவது. படிப்பில் எனக்கு ஏறியது இந்த மூன்று பாடம்தான்.

ஒன்பதாம் வகுப்புத் தடியன் ஒருவன் என் நெல்லிக்காயைப் பிடுங்கினான். முழங்காலில் ஒரு மிதி கொடுத்தேன். மறுநாள் அவன் முழங்கால் இளநீர் மாதிரி வீங்கி, வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து தோசைக்கரண்டியை அடுப்புக்குள் வைத்தார். சிவந்ததும் எடுத்து என் பாதத்துக்கு அருகே, மயிர் பொசுங்குகிற தூரத்தில் பிடித்தார்.

"இனிமே எவன் மேலயாவது ஒன் காலு பட்டுதுன்னு கேட்டேன், இதக் காலுல வச்சே இழுத்துருவேன். புரியுதாலே?"

புரிந்தது. அந்தச் சூடு இன்றைக்கும் என் பாதத்தில் இருக்கிறது, படாமலே.

அதற்கு ரெண்டு மூன்று நாள் கழித்து அக்கா என்னை மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"ஏல குள்ளா, அந்தத் தடியன எங்கன மிதிச்ச?"

"எதுக்கு? நர்ஸம்மாவுக்கு அது என்னத்துக்கு?"

"சும்மா சொல்லுலே."

"ஒரு கொய்யாக்கா தந்தா சொல்லுதேன்."

தந்தாள். நான் கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு வாத்தியாரானேன். எதற்கு என்று இரண்டாம் தடவை கேட்கவில்லை. அதே வாரம் அவள் அம்மாவிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்ததைக் காதில் வாங்கியிருந்தேன். "எம்மா, நான் சோறு கொண்டு போகும்போதெல்லாம் பெரியப்பா தோட்டத்துக்கு வாராவ." அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். "பெரியவுக வந்தா ஒதுங்கி நின்னு வழி விடுட்டி." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றைக்கு எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்குக் கல்லைத் தவிர வேறெதிலும் கண் இல்லை.

பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவர் அல்ல. பங்காளி வீட்டு மூத்தவர். தாத்தா செத்த பிறகு அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோயில் கொடைக்கு முதல் தேங்காய் அவர் கையால்தான் உடையும்.

சனி, ஞாயிறுகளில் அக்காவும் நானும் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோவோம். தூக்குச்சட்டி அவள் கையில். பம்புசெட்டுக்கு இந்தப் பக்கம் வெட்டிப்போட்ட வாழைத்தடைகள், குலை வெட்டின மரத்தின் தண்டுகள், கிடக்கும். பாடம் அங்கேதான். முதலில் தடையில் மிதித்தாள். ஈரத்தடை சதக்கென்று உள்வாங்கும். பிறகு என் மேலே. நான் அவள் கையைப் பிடிக்கவேண்டும், அவள் மிதிக்கவேண்டும். திருநெல்வேலி டவுனில் தேரோட்டத்துக்குப் போனபோது வாங்கிய காப்பிக்கலர் செருப்பு அவளுக்கு இருந்தது. பக்கத்தில் கொக்கி, ஒரு விரல் உயரத்துக்குக் குதிகால், மரம் மாதிரிக் கெட்டி. அதைக் கழற்றிவிட்டுத்தான் மிதிக்கவேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். என் பாதம் ஒன்றும் பங்காளிச் சொத்து இல்லையே.

இன்னொரு சட்டமும் போட்டேன். இந்தக் கதையே அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

யார் மேலாவது தெரியாமல் கால் பட்டுவிட்டால் நாம் என்ன செய்வோம்? பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான். எங்கள் அம்மா அதில் கடும் கண்டிப்பு. தூக்கத்தில் கால் பட்டால்கூட எழுப்பி ஒற்றச் சொல்வாள். புத்தகத்தில் பட்டாலும் ஒற்றவேண்டும், விளக்குமாற்றில் பட்டாலும் ஒற்றவேண்டும். ஒற்றாவிட்டால் காது அவள் கையில். ஆகவே ஒவ்வொரு மிதிக்கும் ஒரு ஒற்று என்று வைத்தேன். டிரில் வாத்தியார் மாதிரி நின்று கத்துவேன்.

"மிதி! குனி! ஒத்து!"

"என்னலே இது, அடிச்சிட்டு மன்னிப்பா?" என்று முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பெறவு? அம்மா கேட்டா ஒத்திட்டோம்னு சொல்லலாம்லா. பாவமும் கெடையாது, காதும் மிஞ்சும்."

நாலைந்து வாரத்தில் அவளுக்கு அது கையில் வந்துவிட்டது. கால் இறங்கி முடிவதற்குள் முதுகு குனிந்துவிடும். நான் என் மூளையை மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. வாய்க்கால் கரை தட்டி ஓடியது. நான் முன்னாலேயே ஓடிப் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருந்த கொய்யா மரத்தில் ஏறிவிட்டேன். மேலிருந்து இந்தக் கரை முழுதும் தெரியும். அக்கா தூக்குச்சட்டியோடு வந்தாள். பம்புசெட் ரூமிலிருந்து பெரியப்பா வெளியே வந்தார். அம்மா சொன்னபடி அக்கா ஒதுங்கி வழி விட்டாள். அவள் ஒதுங்கின பக்கமே அவரும் வந்தார். அவள் மறுபக்கம் போனாள். அவரும் வந்தார். மேலிருந்து பார்க்கக் கபடி மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தூக்குச்சட்டி விழுந்து குழம்பு கரையில் ஓடியது. ரூம் பக்கமாக இழுத்தார். அக்கா கத்தவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததில் கத்துவது கிடையாது. இழுத்த பக்கமே ஒரு எட்டு வைத்து, குதிகாலை அவர் பாதத்தில் இறக்கினாள். செருப்போடு. அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அடுத்தது முழங்காலுக்குக் கீழே எலும்பில். கை விட்டது. அவர் தொப்பென்று கரையில் உட்கார்ந்தார்.

ஓடியிருக்கவேண்டும். அவள் குனிந்தாள். அவர் காலைத் தொட்டாள். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

நான் கிளையைக் கட்டிக்கொண்டு சிரித்தேன் மக்கா. மூச்சு முட்டச் சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் துணி துவைத்துவிட்டு இரண்டு பெண்கள் பாலத்தருகே வளைவில் திரும்பினார்கள். எங்கள் தெருக்காரர்கள், எனக்குச் சித்தி முறை. அவர்கள் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார், அக்கா அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறாள்.

பெரியப்பாவுக்கு வலியிலும் மூளை வேலை செய்தது. அவர்கள் காதில் விழும்படி உரக்கச் சொன்னார்.

"போதும்ட்டி, எந்தி. கால்ல விழுந்தா மட்டும் ஆச்சா? அந்தப் பய இனிமே இந்தத் தோட்டத்துப் பக்கம் தல காட்டக்கூடாது. காட்டுனான், ஒங்கப்பன்ட்ட சொல்லிருவேன்."

எந்தப் பயலும் அங்கே இல்லை. மரத்தின் மேல் இருந்த நான்தான் அந்தத் தோட்டத்தில் ஒரே பயல். அக்கா பின்னால் நகர்ந்தாள். ஒரு செருப்பு கழன்று வாய்க்காலில் விழுந்து கவிழ்ந்தபடியே போனது. மற்றச் செருப்போடு நொண்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலத்துக்குள் தெருவில் இரண்டு கதை ஓடியது. சித்திகள் சொன்னது ஒன்று. குழாயடியில் பயல்களுக்கு நான் நடித்துக் காட்டியது இன்னொன்று. "அக்கா மிதிச்சாளே பாரு, பெரியப்பா அங்கன உக்காந்தாரு! உக்காந்தவரக் கும்பிட்டாளே பாரு!" பயல்கள் உருண்டார்கள். தண்ணீர் பிடிக்க வந்தவர்களும் சிரித்தார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. என் கதை நன்றாக இருந்தது. அதுதான் அதன் குறை.

மறுநாள் காலையில் அம்மா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சூடு பண்ணி என் கையில் கொடுத்தாள். பெரியப்பா வரப்பில் வழுக்கிவிட்டாராம், காலில் போட்டுவிட்டு வரவேண்டுமாம். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவர் கட்டிலில் காலை நீட்டியிருந்தார். பாதம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. நடுவில் இன்னும் கறுப்பாக, வளைந்து, பிறை மாதிரி ஒரு தடம். அக்காவின் குதிகால் அளவு.

"பையத் தேய்லே," என்றார். தேய்த்தேன். கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி மிதிக்க ஒங்க அக்காளுக்கு யாருலே சொல்லிக் குடுத்தது?"

நான் இன்னும் குனிந்து தேய்த்தேன்.

"பள்ளிக்கூடத்துல ஒரு பயலுக்கு முட்டு வீங்குச்சாமே. அத எவன் செஞ்சான்?"

எண்ணெய் ஆறிப்போயிருந்தது. அவர் குரல் மட்டும் இளகியே இருந்தது.

"ஒங்கப்பன் சொன்னாம்லே, கரண்டியக் காய வச்சத. நான் சொல்ல மாட்டேன். நீயும் குழாயடில கோட்டிக்காரன் மாதிரி ஒளறக்கூடாது. என்ன?"

தலையை ஆட்டினேன். அந்தத் தடம் மறைகிற அளவுக்கு மஞ்சளை அப்பிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன்னால், எங்கள் வீட்டில் கூடினார்கள். பெரியப்பா நாற்காலியில். காலில் துணி சுற்றி முக்காலியில் வைத்திருந்தார். அப்பா தூணோரம் நின்றார். சித்திகள் இருவரும் தரையில். அம்மா அடுக்களை வாசலில். என்ன பேச வந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா பள்ளிக்கூடம் போகலாமா கூடாதா என்று.

"நான் வெளிய சொல்லக்கூடாதுன்னுதான் நெனச்சேன்," என்றார் பெரியப்பா. "இவளுக கண்ணுல பட்டுப்போச்சு. பெறவு மறைக்க முடியுமா? படிப்பு போதும். நல்ல எடமாப் பாத்து முடிச்சிரு."

அக்கா சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"அங்கன ஒரு பயலும் இல்லப்பா. இவுகதான் என் கையப் பிடிச்சு இழுத்தாவ. நான் மிதிச்சேன். அந்தக் காலு அதுலதான் வீங்கியிருக்கு."

"மிதிச்சியா?" என்றாள் மூத்த சித்தி. "நீ கால்ல விழுந்ததத்தான நாங்க பாத்தோம்? தொட்டுக் கண்ணுல வேற ஒத்துன."

"மிதிச்சதுக்குத்தான் சித்தி ஒத்துனேன்."

பிறகு யாரோ பொக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கையைப் பிடித்தவனை மிதித்துவிட்டு அவனையே கும்பிடுகிறவளை யார் கண்டார்கள்? பெரியப்பாகூடத் தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அம்மா, எங்களுக்கு அந்தப் பழக்கத்தைப் போட்டுவிட்ட அம்மா, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"சிரிக்காதிய," என்றாள் அக்கா. "தம்பிட்டக் கேளுங்க. அவந்தான் சொல்லிக் குடுத்தான். மிதிச்சா உடனே குனிஞ்சு ஒத்தணும்னு சோறு கொண்டு போறப்பெல்லாம் அப்படித்தான் வெளையாடுவோம். கை தானாப் போயிட்டு. அவன் மரத்துல இருந்து பாத்தாம்ப்பா."

சிரிப்பு நின்றது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பா கேட்டார்.

"என்னலே? நீயா அவளுக்கு மிதிக்கச் சொல்லிக் குடுத்த?"

மக்கா, "ஆமா" என்று ஒரு சொல். உலகத்தில் வேறு யாராலும் சொல்ல முடியாத சொல். அந்த ஒற்றுக்குக் காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தியை யாரும் நம்பவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அடுக்களைக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரியப்பா என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா," என்றேன். "குழாயடில சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். நான் ஒண்ணும் பாக்கல."

அப்பா மூச்சு விட்டார். அந்த மூச்சை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அது கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வளர்த்தவர் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டாம் என்று ஆனதும் ஒரு மனுஷன் விடுகிற மூச்சு அது. நான் மட்டுமல்ல, அவரும் தப்பித்துக்கொண்டார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மீதி ஒரு செருப்பு வாசலில் கிடந்தது. அந்தக் குதிகாலை எடுத்துப் பெரியப்பா பாதத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் நான் அதை எடுத்துக்கொண்டுபோய் வாய்க்காலில் விட்டேன். முன்னால் போனதோடு எங்கேயாவது சேர்ந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். சின்னப் பயல் புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். பயமா புத்தியா என்று எனக்கே நிச்சயமில்லை.

பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது, தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மும்பையில் டீக்கடை. புறப்படும்போது பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கவேண்டும். அக்கா ஒவ்வொருவராக வணங்கிக்கொண்டே வந்தாள். பெரியப்பா முன்னால் வந்து குனிந்தாள். அவர் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பாரேன், எம்புட்டுப் பெரிய மனுசன், என்ன அடக்கம்," என்றாள் ஒரு சித்தி.

அவர் ஏன் இழுத்தார் என்று அந்தப் பந்தலில் மூன்று பேருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் யாரையும் மிதித்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது வாழைத்தார் ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறேன். பெரியப்பா போன வருஷம் செத்தார். பெரிய சாவு, ஊரே வந்தது. அக்கா வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார்.

இந்தக் கோடை லீவுக்கு வந்தாள், மகளோடு. பிள்ளைக்கு ஆறு வயது. கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என் முட்டில் ஒரு உதை விட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"ஏட்டி, மாமா மேல காலு பட்டா என்ன செய்யணும்?"

பிள்ளை விழித்தது. எங்கள் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, "தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோ கண்ணு," என்றாள்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அவளுக்கு அது தெரியாது. சொல்லிக் குடுக்கல."

"என்னட்டி இது, பொம்பளப் புள்ளைக்கு அதக்கூடப் பழக்காமலா?"

"மிதிக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றாள் அக்கா. வந்த பத்து நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "மாமாவுக்குக் காட்டு."

பிள்ளை கட்டிலிலிருந்து இறங்கி வந்தது. கீழே பார்த்து இடம் குறித்துக்கொண்டது. விரலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, சரியாக அந்த இடத்தில், குதிகாலை இறக்கியது. எனக்குக் கண் இருண்டது. பிள்ளை குனியவில்லை. இரண்டு எட்டுப் பின்னால் போய், நிமிர்ந்து நின்று, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தது.

சிரித்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. நான் எப்படிக் குனிந்தேன் என்று தெரியாது. கை தானாகக் கீழே போனது. அக்காவின் பாதம் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தொட ஒரு விரற்கடை இருக்கும்.

அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.